பலகைகளைப் பிடுங்கிய வெள்ளிக்கிழமை

ஐந்தாவது டாக்டர் வரப்போகிறார் என்று உறுதியானதும் வெர்லின் ஸ்டாக்டன் செய்த முதல் காரியம், டிராக்டரை எடுத்துக்கொண்டு நெடுஞ்சாலைக்குப் போய்ப் பலகைகளைப் பிடுங்கியதுதான். பிப்ரவரி மாதத்தில் எங்கள் ஹெரான் ஃபோர்க்கில் மண் இரண்டடி ஆழத்துக்கு உறைந்து கிடக்கும். பலகை நட்ட கட்டையைக் கையால் அசைக்கக்கூட முடியாது. சங்கிலியைச் சுற்றி டிராக்டரில் மாட்டி இழுத்தால் பாதி வரும், பாதி ஒடியும். பின்னாலேயே என் பழைய பிக்கப் வண்டியை ஓட்டிக்கொண்டு போய், அவன் பிடுங்கிப் போட்டதையெல்லாம் அள்ளி ஏற்றுவது என் வேலை. அறுபத்தொரு வயசில், ஆஸ்பத்திரிச் சமையலறை வேலைக்கு லீவு போட்டுவிட்டு இதற்கா வந்தேன் என்று எனக்கே சிரிப்பாக இருந்தது.

எல்லாப் பலகையிலும் ஒரே சங்கதிதான். பிறக்காத பிள்ளைக்காக ஜெபியுங்கள். இதயம் துடிக்கிறது, கொல்லாதே. இந்த ஊரில் ஒவ்வொரு உயிரும் புனிதம். கடைசியில் சொன்னது வெர்லினுடையது. வைக்கோல் வயல் ஓரத்தில், ஒரு முழு ஒட்டுப்பலகையில் அவன் மனைவி லவோன் தன் கையால் நீல பெயின்டில் எழுதியது.

பிடுங்குவதற்கு முன்னால் வீட்டு வீடாகக் கதவைத் தட்டி அனுமதி கேட்டான். மரம் அறுக்கும் மில்லில் வேலை பார்த்து ஓய்ந்த ராஸ்கோ மட்டும் வாசலை மறித்துக்கொண்டு நின்றார்.

"எதுக்குய்யா எடுக்கறே? நம்ம நம்புறதச் சொல்றதுல என்ன வெக்கம்?"

"வெக்கமில்ல ராஸ்கோ. ரெண்டு நாளைக்குத்தான். ஞாயித்துக்கிழமை சாயங்காலம் நானே கொண்டாந்து நட்டுடறேன்."

"டாக்டரம்மா பாத்தா என்னவாம்?"

"பயந்துருவாங்க. முன்னாடி வந்த நாலு பேரும் பயந்துட்டுத்தான் போனாங்க."

"பலகையப் பாத்தா பயந்தாங்க? சட்டத்தப் பாத்துல்ல பயந்தாங்க. சட்டத்தையும் ரெண்டு நாளைக்குப் புடுங்கி வச்சிக்குவியா உன் டிராக்டர்ல?"

வெர்லின் சங்கிலியை மாட்டினான். ராஸ்கோ என்னைப் பார்த்தார். "ஓப்பல், நீயுமா இதுக்குக் கூட்டு?" என்றார். நான் குனிந்து ஒடிந்த கட்டையைப் பொறுக்கினேன்.

ராஸ்கோ சொன்னதில் தப்பில்லை. எங்கள் ஐடஹோ மாநிலத்தில் கருக்கலைப்பைத் தடுக்கிற சட்டம் வந்த பிறகு, கருவைக் கலைத்த டாக்டருக்கு இரண்டிலிருந்து ஐந்து வருஷம் ஜெயில். தாய் சாகப்போகிறாள் என்றால் செய்யலாம். ஆனால் எவ்வளவு சாகப்போகிறாள் என்று யாரும் எழுதி வைக்கவில்லை. இருபத்திரண்டு வருஷம் எங்கள் ஊரில் பிரசவம் பார்த்த டாக்டர் ஐவர்சன் மூட்டை கட்டிக்கொண்டு மினசோட்டாவுக்குப் போய்விட்டார். அவருக்குப் பதிலாக ஒரு ஓய்வுபெற்ற டாக்டர் ஒப்பந்தத்தில் வந்துகொண்டிருந்தார். மார்ச் முப்பத்தொன்றோடு அவரும் போய்விடுவார். அதற்குள் ஆள் கிடைக்காவிட்டால் பிரசவ வார்டைப் பூட்டிவிடுவது என்று முடிவாகிவிட்டது. அடுத்த ஆஸ்பத்திரி மலைக்கு அந்தப் பக்கம், மாநில எல்லை தாண்டி ஸ்போகேனில். தொண்ணூறு மைல். பனி கொட்டினால் கணவாயை மூடிவிடுவார்கள்.

வெர்லின் ஆஸ்பத்திரியை நடத்துகிற போர்டின் தலைவன். அதற்காக மட்டும் அவன் இப்படி அலையவில்லை. அவன் மருமகள் கேலின் ஆறு மாத கர்ப்பிணி. முதல் பிள்ளை பதினேழாவது வாரத்தில் போய்விட்டது. இந்த முறை கர்ப்பப்பை வாயில் தையல் போட்டு வைத்திருக்கிறார்கள். தையல் விட்டால் அரை மணிக்குள் டாக்டர் கையில் இருக்க வேண்டும் என்று சொல்லியிருந்தார்கள். அந்த டாக்டரைத்தான் பிடித்து வர வேண்டும்.

டாக்டர் வேலைக்கு ஆள் பார்க்க எங்கள் ஊர் நடந்துகொள்கிற விதத்தைப் பார்த்தால் யாருக்கும் சிரிப்பு வரும். பெண் பார்க்க வருகிறவர்களை வரவேற்கிற வீடு மாதிரி ஆகிவிடுவோம். ஏரியைக் காட்டுவோம். பள்ளிக்கூடத்தைக் காட்டுவோம். தலைவன் வீட்டில் எல்க் மான் கறி விருந்து. கடைசியில் என் ஹக்கிள்பெரி கேக். மலையில் நானே பறித்து வந்து உறைய வைத்த பழம். நான்கு டாக்டர்களும் அந்த கேக்கை இரண்டு துண்டு சாப்பிட்டார்கள். நான்கு பேரும் ஊருக்குப் போய் "யோசித்தோம், மன்னிக்கவும்" என்று எழுதினார்கள்.

இனி நான் சொல்லப்போவது எனக்குப் பெருமை சேர்க்கிற விஷயமில்லை. சொல்லாமல் மேலே போகவும் முடியாது.

கேலினுக்கு முதல் பிள்ளை போன அந்த அக்டோபர் நாளில் நான் ஆஸ்பத்திரி மேனேஜர் அறைக்கு காபி கொண்டுபோனேன். அவர் போனை மேசைமேல் வைத்து ஸ்பீக்கரில் போட்டுக்கொண்டு கையைப் பிசைந்துகொண்டிருந்தார். "பேரு சொல்லக்கூடாது வெர்லின், விதி. பதினேழு வாரம், பனிக்குடம் உடைஞ்சிருச்சு. பிள்ளை பிழைக்காது. ஆனா துடிப்பு இருக்கு. காய்ச்சல் வர்றதுக்குள்ள முடிச்சிடணும்ங்கறாங்க ஐவர்சன். ஆஸ்பத்திரி வக்கீல் போன எடுக்கல. என்ன செய்யட்டும்?" என்றார். போனுக்குள் மாடுகள் கத்துவது கேட்டது. வெர்லின் தீனி போட்டுக்கொண்டிருந்திருக்க வேண்டும். "வக்கீல் எடுக்கட்டும். அதுவரைக்கும் காத்திருக்கச் சொல்லுங்க. அவசரப்பட்டு ஆஸ்பத்திரிய மாட்டி விட்டுறாதீங்க" என்றான். அவ்வளவுதான். நான் காபியை வைத்தபோது மேனேஜர் என் பெயரைச் சொல்லி நன்றி சொன்னார், அது போனில் வெர்லினுக்கும் கேட்டிருக்கும்.

ஆறு மணி நேரம் காத்திருந்தார்கள். மத்தியானம் ஆறாவது அறைக்குச் சூப் கொண்டுபோனபோதுதான் பார்த்தேன், கட்டிலில் கேலின். பள்ளிக்கூட பஸ் ஓட்டுகிற பெண். பிள்ளைகளை இறக்கிவிட்டுவிட்டுத் தானே வண்டியை ஓட்டிக்கொண்டு வந்து சேர்ந்திருக்கிறாள். வீட்டில் யாருக்கும் இன்னும் தெரியாது. காய்ச்சலில் பல் கிடுகிடுவென்று அடித்துக்கொண்டிருந்தது. டாக்டர் ஐவர்சன் சுவரைப் பார்த்துக்கொண்டு நின்றார். சாயங்காலம் ஹெலிகாப்டரில் ஸ்போகேனுக்குத் தூக்கிப் போனார்கள். நான்கு நாள் நினைவில்லாமல் கிடந்து பிழைத்தாள்.

அன்றைக்கு வெர்லினுக்கு யார் சொன்னார்கள், எப்படி எடுத்துக்கொண்டான் என்று எனக்குத் தெரியாது. ஒரு வாரம் கழித்து எங்கள் இரண்டு வீட்டுக்கும் நடுவே இருக்கிற வேலியோரத்தில் பார்த்தேன். முகம் வற்றிப்போயிருந்தது. எனக்குத் தெரியும் என்று அவனுக்குத் தெரியும். நாங்கள் குளிரைப் பற்றிப் பேசினோம். அதற்குப் பிறகு ஒன்றரை வருஷம் நாங்கள் அந்தப் போனைப் பற்றிப் பேசவில்லை. அவன் வயலில் அந்த நீலப் பலகையும் நின்றுகொண்டேதான் இருந்தது. எடுத்தால் ஏன் எடுத்தாய் என்று லவோன் கேட்பாளே.

சனிக்கிழமை மத்தியானம் விருந்து. நான் கேக்கைத் தூக்கிக்கொண்டு போனபோது லவோன் புருஷனைத் திட்டிக்கொண்டிருந்தாள்.

"கையப் பாரு கையை! முழங்கை வரைக்கும் அயோடின். இந்தக் கையோடவா டாக்டரம்மாவுக்குக் கை குடுப்பே?"

"கன்னுக்குட்டி வயித்துக்குள்ள கால் மடங்கி நின்னுச்சு லவோன். விட்டிருந்தா மாடு, கன்னு ரெண்டும் போயிருக்கும். இழுத்துட்டேன். நல்லா நிக்குது."

"போ, சோப்புப் போட்டுத் தேய். ஓப்பல், நீ உருளைக்கெழங்க மசி. கேலின், நீ உக்காரு. உக்காருன்னா உக்காரணும்."

"உக்காந்து உக்காந்து எனக்கு முதுகே செத்துப்போச்சு அத்தை. கரண்டியக் கூடத் தொடக்கூடாதா?" என்றாள் கேலின். வயிறு மேசையில் இடித்தது. அவள் புருஷன் டேன் மரம் ஏற்றிய லாரியோடு மொன்டானா போயிருந்தான். "ஓப்பல் பெரியம்மா, நீங்களாவது சொல்லுங்க. இந்த டாக்டரம்மாவாச்சும் நிப்பாங்களா?"

"உன் மாமனார் குளிச்சா நிப்பாங்க" என்றேன். வாய்விட்டுச் சிரித்தாள். என்னை நம்பிப் பேசுகிற அந்தப் பிள்ளையின் முகத்தைப் பார்க்காமல் நான் உருளைக்கிழங்கை மசித்தேன்.

டாக்டர் நோவாக் வந்தார். முப்பத்தைந்து வயசிருக்கும். விஸ்கான்சின்காரி. பனிக்குப் பழகின நடை. பூட்ஸைக் கழற்றி ஒழுங்காக ஓரமாக வைத்தார். அதிலேயே லவோனுக்குப் பிடித்துப்போனது. ஜெபம் சொல்லும்போது கண்ணை மூடிக்கொண்டார். கறியை இரண்டு முறை வாங்கிச் சாப்பிட்டார்.

"மான் நீங்களே சுட்டதா சார்?"

"மருமகப் பொண்ணு சுட்டதும்மா. எனக்கு இப்பல்லாம் கண்ணு சரியாத் தெரியல."

"எத்தனை கஜ தூரத்துலேருந்து?" என்று டாக்டர் கேலினைக் கேட்டார்.

"இருநூத்தம்பது. மாமாகிட்டச் சொல்லும்போது முன்னூறு."

எல்லோரும் சிரித்தோம். வெர்லின் முகத்தில் ஒரு வெளிச்சம். இவள் நிற்பாள் என்று நானும் நினைத்தேன். கேக்கை வெட்டி வைத்தேன். டாக்டர் ஒரு வாய் சாப்பிட்டு, கண்ணை மூடி, "அடேயப்பா" என்றார். பிறகு முள்கரண்டியைத் தட்டில் வைத்தார்.

"ஒண்ணு கேக்கணும். தப்பா எடுத்துக்காதீங்க. நான் நேத்து வரல. வியாழக்கிழமையே வந்துட்டேன். ஊரைத் தனியாப் பாக்கணும்னு மோட்டல்ல ரூம் எடுத்தேன். அன்னைக்கு இந்த ரோட்டு முழுக்கப் பலகை இருந்துச்சு. ஒண்ணுவிடாமப் படிச்சேன். இன்னைக்கு வரும்போது பனியில குழிதான் இருக்கு. எனக்காகவா எடுத்தீங்க?"

லவோன் என்னைப் பார்த்தாள். நான் கேக் கத்தியைத் துடைத்தேன். மூன்று முறை துடைத்தேன்.

"ஆமாம்மா" என்றான் வெர்லின். அயோடின் போகாத விரல்களை மேசைக்கடியில் இழுத்துக்கொண்டான். "உங்களுக்குச் சங்கடமா இருக்குமேன்னு."

"எங்க அம்மா வீட்டு வாசல்லயும் அப்படி ஒரு பலகை இருக்கு சார். ஞாயித்துக்கிழமை அவங்க வீட்டுலதான் சாப்பாடு. பலகை எனக்குப் பழக்கம். இப்படி வாரி மறைச்சதுதான் ஒரு மாதிரியா இருக்கு."

"தப்புத்தான்" என்றான் வெர்லின்.

"விடுங்க. இன்னொண்ணு. அதைக் கேக்காம நான் கையெழுத்துப் போட முடியாது. டாக்டர் ஐவர்சனோட பேசினேன். ஏன் போனீங்கன்னு கேட்டேன். ஒரு கேஸைச் சொன்னாங்க, பேரு ஊரு ஒண்ணும் சொல்லல. ஆறு மணி நேரம் கையக் கட்டிக்கிட்டு நின்னேன்னாங்க. செய்யட்டுமான்னு மேல கேட்டாங்களாம். காத்திருன்னு பதில் வந்துச்சாம். சொன்னது வக்கீல் இல்ல, போர்டுல ஒருத்தர். அந்த ஆள் இன்னும் போர்டுல இருக்காரா? நாளைக்கு நான் போன் பண்ணினா எடுக்கப்போறது அவர்தானா? எனக்கு அதுதான் தெரியணும்."

கேலின்தான் முதலில் பேசினாள்.

"டாக்டர், அந்தப் பொண்ணு நான்தான்."

டாக்டர் நோவாக்கின் முகம் வெளுத்துப்போனது. "ஐயோ, எனக்குத் தெரியாதும்மா. மன்னிச்சிரு. நான் இங்க கேட்டிருக்கவே கூடாது" என்று எழுந்துவிட்டார்.

"இல்ல, உக்காருங்க. நல்லவேளை கேட்டீங்க. வக்கீல் போன எடுக்கலன்னுதான் எங்கிட்டச் சொன்னாங்க. போர்டுன்னு யாரும் சொல்லல." அவள் மாமனார் பக்கம் திரும்பினாள். குரலில் சந்தேகமே இல்லை. அதுதான் கொடுமை. "மாமா, நீங்கதானே தலைவர். யாருன்னு உங்களுக்குத் தெரிஞ்சிருக்குமே. யாரு அது?"

வெர்லின் ஒரு பொய் சொல்லியிருக்கலாம். போர்டில் ஏழு பேர். ஒருவர் செத்தும் போய்விட்டார். செத்தவர் பெயரைச் சொல்லியிருந்தால் யாரும் மறுத்திருக்க மாட்டார்கள். நான் மறுத்திருக்க மாட்டேன் என்பது அவனுக்குத் தெரியும். அவன் அதைச் சொல்லிவிடட்டும் என்று நான் மனசுக்குள் வேண்டிக்கொண்டேன். அப்படித்தான் வேண்டினேன், மறைக்க விரும்பவில்லை.

"நான்தான்" என்றான்.

லவோன் கையிலிருந்த கிண்ணத்தைக் கீழே வைத்தாள்.

"பேரு சொல்லலம்மா. பதினேழு வாரம்னு மட்டுந்தான் சொன்னாங்க. நீன்னு தெரியாது. சத்தியமாத் தெரியாது."

"நான்னு தெரிஞ்சிருந்தா?"

வெர்லின் கண்ணைப் புறங்கையால் துடைத்தான். அவனைப் பள்ளிக்கூடக் காலத்திலிருந்து எனக்குத் தெரியும், அவன் அழுது நான் பார்த்ததில்லை.

"தெரிஞ்சிருந்தா… உடனே செய்யச் சொல்லியிருப்பேன்."

"அப்ப வேற வீட்டுப் பொண்ணுன்னா காத்திருக்கலாம்" என்றாள் கேலின். கோபமாகச் சொல்லவில்லை. கணக்குப் பாடத்தில் விடை புரிந்த பிள்ளை மாதிரி மெதுவாகச் சொன்னாள். "யாரோ ஒரு பொண்ணுதானேன்னு நினைச்சீங்க. அந்த யாரோ நான்."

"காலையில அந்த மாட்டுக்கு யாரைய்யா கேட்டே நீ?" என்று லவோன் திடீரென்று கத்தினாள். "எந்த வக்கீலைக் கேட்டே?" கத்திவிட்டு சமையல் ஏப்ரனை முகத்தில் வைத்துக்கொண்டு சமையலறைக்குள் போய்விட்டாள். அந்தப் பலகையில் நீல எழுத்தை எழுதியவள் அவள். உள்ளே என்ன நினைத்துக்கொண்டு நின்றாளோ, நான் போய்ப் பார்க்கவில்லை.

டாக்டர் நோவாக் பூட்ஸை மாட்டிக்கொண்டார். வாசலில் வெர்லின் அவருடைய கோட்டைக் கையில் வைத்துக்கொண்டு நின்றான்.

"நான் போர்டை விட்டு விலகிடறேன்மா. இன்னைக்கே எழுதிக் குடுத்துடறேன். நீங்க வாங்க. அந்தப் பிள்ளைக்காக வாங்க."

"நீங்க விலகினா வேற ஒருத்தர் போன எடுப்பாரு சார்" என்றார் டாக்டர். கடுமையில்லாமல்தான் சொன்னார். "அவரும் நல்ல மனுஷனாத்தான் இருப்பாரு. சட்டம் அப்படியே இருக்கும். எனக்கு வீட்டுல ரெண்டு சின்னப் பிள்ளைங்க. நான் ஜெயிலுக்கும் போக முடியாது, கையக் கட்டிக்கிட்டு நிக்கவும் முடியாது."

மூன்று வாரத்தில் செய்தி வந்தது. டாக்டர் நோவாக் ஸ்போகேனில் வேலை ஒப்புக்கொண்டுவிட்டார். மலைக்கு அந்தப் பக்கம், எல்லைக்கு அந்தப் பக்கம், இந்தச் சட்டம் இல்லாத இடம். இதே வேலைதான். வார்டைப் பூட்டினார்கள். பிரசவக் கட்டில்களில் இரண்டை விற்றார்கள். ஒன்றை எங்கள் சமையலறைக்கு வெளியே நிறுத்தி வைத்திருந்தார்கள். நான் தினமும் அதைச் சுற்றிக்கொண்டுதான் குப்பை கொட்டப் போக வேண்டும்.

கேலின் ஸ்போகேனில் ஆஸ்பத்திரிக்குப் பக்கத்தில் ஓர் அறை பார்த்தாள். பிள்ளை பிறக்கும்வரை அங்கேதான். டேனுக்கு லாரியில் லீவு இல்லை. வெர்லின் வண்டியைத் துடைத்துச் சக்கரத்துக்குச் சங்கிலி கட்டி, பின்சீட்டில் தலையணை வைத்துத் தயாராக நின்றான். அவள் அவனைத் தாண்டி வேலியோரம் நடந்து என் வீட்டுக்கு வந்தாள்.

"பெரியம்மா, நீங்க கொண்டுபோய் விடுறீங்களா?"

எனக்குக் கண் நிறைந்துவிட்டது. இந்தப் பிள்ளை என்னைத் தேடி வருகிறதே என்று பெருமைகூடப் பட்டேன். வெட்கங்கெட்டவள் நான்.

கணவாய் திறந்திருந்தது. வழுக்காமலிருக்க உப்புக் கொட்டி வைத்த ரோட்டில் மெதுவாக ஏறினேன். கேலின் வயிற்றில் கை வைத்தபடி ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டிருந்தாள். பழைய பஸ் கதை இரண்டு சொன்னாள். ஒரு பயல் டிபன் டப்பாவில் தவளை கொண்டுவந்த கதை. சிரித்தோம். மாநில எல்லை தாண்டி ஐந்து மைல் போயிருப்போம்.

"பெரியம்மா, அன்னைக்கு சாப்பாட்டு மேசையில எல்லாரும் மாமாவைப் பாத்தாங்க. நான் உங்களைப் பாத்தேன். நீங்க அதிர்ச்சியே ஆகலையே."

நான் ரோட்டைப் பார்த்து ஓட்டினேன்.

"உங்களுக்கு முன்னாடியே தெரியுமா?"

பனியைத் தள்ளுகிற வண்டி ஒன்று எதிரே போனது. அது போகும்வரை எனக்கு நேரம் கிடைத்தது. அந்த நேரத்தில் எத்தனையோ பதில் தோன்றியது. மேனேஜர் அறையில் காதில் விழுந்ததை வெளியே சொன்னால் என் வேலை போயிருக்கும். சொல்லி என்ன ஆகப்போகிறது. ஒரு குடும்பத்தைப் பிரிப்பானேன். எல்லாம் ஒன்றரை வருஷமாக எனக்கு நானே சொல்லிக்கொண்டவைதான்.

"தெரியும்" என்றேன்.

"எப்பலேருந்து?"

"அன்னையிலேருந்தே. நீ கட்டில்ல கெடந்தப்பவே."

அவள் அழவில்லை. இருக்கையைக் கொஞ்சம் பின்னால் சாய்த்துக்கொண்டு கண்ணை மூடினாள். தூங்கவில்லை என்று மூச்சிலேயே தெரிந்தது.

அறை முதல் மாடியில். பெட்டியைத் தூக்கிக்கொண்டு பின்னால் ஏறப்போனேன். படியில் திரும்பி என் கையிலிருந்து வாங்கிக்கொண்டாள்.

"கனமா இருக்கும்மா, நீ தூக்கக்கூடாது."

"வீட்டுக்காரம்மா வந்து எடுத்துக்குவாங்க. இங்கயே வச்சிடுங்க." பெட்டியைப் படியில் வைத்துவிட்டு நிமிர்ந்தாள். குரலில் மரியாதை குறையவே இல்லை. "இவ்வளவு தூரம் வந்ததுக்கு நன்றி. பிள்ளை பிறந்தா அத்தை வருவாங்க. நீங்களும் மாமாவும் வரவேண்டாம்."

எங்கள் இரண்டு பேரையும் அவள் சேர்த்தே சொன்னாள். சரியாகத்தான் சொன்னாள். நான் தலையாட்டிவிட்டு வண்டியில் ஏறி, வந்த வழியே ஊருக்குத் திரும்பினேன்.